முத்தழகு வைத்த கொள்ளி

கருக்கம்பட்டியில் முத்தழகை ‘கரிக்காரி’ என்று கூப்பிட்டால் அவள் கோபப்பட மாட்டாள். நின்று, இடுப்பில் கை வைத்து, “ஆமா, கரிக்காரிதான். என்ன வேணும்?” என்று கேட்பாள். கேலி பேச வந்தவன் வழி கேட்க வந்தவன் மாதிரி நிற்பான்.

சாயல்குடிக்கு மேற்கே, கடல் கண்ணில் படாத, ஆனால் கடல்காற்று விடாத ஊர் அது. மழையை நம்பி மிளகாயும் பருத்தியும் போடுவார்கள். மழை ஏமாற்றினால், தரிசில் தானாக முளைத்துக் கிடக்கிற சீமைக்கருவேலை வெட்டிக் கரியாக்குவார்கள். வெட்டிய மரத்தை நிறுத்தி வைத்துக் குடிசை போலக் குவித்து, மேலே இலைதழையும் வைக்கோலும் போர்த்தி, ஈரமண்ணால் பூசி, உச்சியில் விட்ட ஓட்டை வழியே நெருப்பை இறக்குவார்கள். உள்ளுக்குள்ளேயே நாள்கணக்கில் வெந்து மரம் கரியாகும். அதற்குப் பேர் கரிமூட்டம். வெட்டுவது பெண்கள், சுமப்பது பெண்கள், அடுக்குவதும் மண் பூசுவதும் பெண்கள். நெருப்பு வைப்பது மட்டும் ஆண்.

ஏன் என்று கேட்டால், மூட்டம் பார்ப்பதற்குச் சிதை மாதிரி இருக்கிறதாம். சிதைக்குக் கொள்ளி வைப்பது ஆம்பளைக் கையாம். எவனோ என்றோ சொன்னதை ஊர் பிடித்துக்கொண்டது. இடுப்பொடிய வேலை பார்த்தவள் ஒதுங்கி நிற்பாள். அதுவரை வேப்பமரத்தடியில் பீடி குடித்துக்கொண்டிருந்தவன் எழுந்து வந்து ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போவான். அத்தோடு அது அவன் மூட்டம் ஆகிவிடும்.

முத்தழகு தேவிபட்டினம் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். புருஷன் சின்னக்கருப்பன் பனையேறி. நல்ல மனுஷன், யாரிடமும் ‘இல்லை’ என்று சொல்லத் தெரியாத மனுஷன். ஒரு பங்குனியில் பனையிலிருந்து விழுந்து இடது கால் எலும்பு நொறுங்கியது. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். ஊன்றுகோலோடு நடக்கலாம், மரம் ஏறக் கூடாது என்றார்கள். வீட்டில் பானுப்பிரியா என்று ஒரே மகள். அவள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். முத்தழகு அரிவாளை எடுத்துக்கொண்டு தரிசுக்குப் போனாள்.

அவள் அடுக்கிய முதல் மூட்டம் மண் பூசி, ஆள் பார்த்து நின்றது. புருஷன் கட்டிலில் கிடந்தான். அவள் கொள்ளி வைக்க ஆள் தேடிப் போனாள். ஒருத்தன் நாளைக்கு வாரேன் என்றான். ஒருத்தன் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தான். இன்னொருத்தன், “சும்மா வருவாகளா?” என்று பல்லைக் காட்டினான். வெயிலில் பூசிய மண் காய்ந்து வெடிக்கத் தொடங்கியது. மண் வெடித்தால் காற்று உள்ளே போகும். காற்றுப் போனால் மரம் சாம்பலாகும், கரியாகாது. முத்தழகு வீட்டுக்கு வந்தாள், அடுப்பிலிருந்த நெருப்புக் கங்கைச் சட்டியில் அள்ளினாள், போய் மூட்டத்து உச்சியில் கொட்டினாள். வானம் இடிந்து விழவில்லை. கரி நன்றாகவே வந்தது.

ஊர் முணுமுணுத்தது. முணுமுணுக்கட்டுமே. வாயிருக்கிறது, வேலை இல்லை. கரி ஏற்ற வருகிற லாரிக்காரன் இதுவரை யாரிடமும் ‘கொள்ளி வச்சது யாரு’ என்று கேட்டதில்லை. அன்றிலிருந்து அவள் மூட்டத்துக்கு அவள்தான் கொள்ளி வைத்தாள். பத்து வருஷத்துக்கு மேல் அந்தக் கரியில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது.

காளீஸ்வரன் அவளைத் தேடி வந்தது அதற்கப்புறம். அவர் வாணக்காரர். உரிமம் வாங்கி, ஊருக்கு வெளியே பொட்டலில் தனிக்கொட்டகை போட்டு, கோயில் திருவிழாக்களுக்கு வாணமும் புஸ்வாணமும் செய்கிறவர். நெருப்போடு பழகிப் பழகிப் புருவத்தில் பாதி போய்விட்டது. முதல் தடவை வந்தபோது சீமைக்கருவேலங்கரி ஒரு மூடை வாங்கிப் போனார். அடுத்த வாரமே திரும்பி வந்தார்.

“தங்கச்சி, கரி கல்லு மாதிரி இருக்கு. டீக்கடைக்குச் சரி. வாணத்துக்கு இது ஆகாது.”

“நீங்க மூடைன்னுதான கேட்டீக? எதுக்குன்னு சொன்னீகளா?” என்றாள் முத்தழகு.

அன்று ஆரம்பித்த பேச்சு அது. சீமைக்கருவேலங்கரி தட்டினால் கணீரென்று சத்தம் வரும். பிடிக்க நேரமெடுக்கும், பிடித்தால் விடாது. புஸ்வாணத்தில் சிவப்புப் பொறி நின்று நிதானமாக உதிர அது நல்லது. ஆனால் மேலே போகிற வாணத்துக்குச் சட்டென்று பிடித்துச் சட்டென்று தீர்கிற கரி வேண்டும். அதற்கு எருக்கு. பட்டை உரித்து, பால் வற்றக் காயவைத்து, சின்னக் குவியலாக அடுக்கி, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வேகவிட்டால், கையில் எடுத்தாலே கனம் தெரியாத, விரலால் நசுக்கினால் மாவாகிற கரி கிடைக்கும். எருக்கு கிடைக்காத காலத்தில் பருத்திமார், பஞ்செடுத்த செடியின் காய்ந்த குச்சி, பரவாயில்லை. சிரட்டைக்கரியைக் கொட்டகைப் பக்கமே கொண்டுவராதே என்பார் காளீஸ்வரன். அது மாமியார் மாதிரி, எதற்கும் அசையாது என்பார். வாண மருந்தில் மற்றது என்னென்ன சேர்கிறது என்று அவள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அது உரிமம் உள்ளவர் பாடு. கரி மட்டும் இவள் பாடு.

வாணக்கரிக்கு அவளிடம் ஒரு கட்டாயம் உண்டு. தண்ணீர் படக் கூடாது. டீக்கடைக் கரியென்றால் மூட்டத்தைப் பிரிக்கும்போது தண்ணீர் தெளித்து அணைப்பார்கள். இந்தப் பக்கம் எந்த ஆழ்துளைப் போரில் தண்ணீர் எடுத்தாலும் உப்பு. கரி அந்த உப்பைக் குடித்து வைத்துக்கொள்ளும். வெயிலில் போட்டால் காய்ந்த மாதிரி நடிக்கும். விடிகாலைக் கடல்காற்றுப் பட்டதும் வியர்த்துவிடும். அதனால் எருக்கங்கரியை அவள் மண் போட்டே அணைப்பாள். நாள் கூடும். கூடட்டும் என்பாள்.

இந்த வருஷம் காளியம்மன் கோயில் பொங்கலுக்குக் காளீஸ்வரன்தான் வாணம். எருக்கு மூட்டம் வெந்துகொண்டிருந்தது, வேக்காடு முடியப்போகிற அடையாளமாகப் புகை நீலம் பாய்ந்து வந்த நேரம். அப்போது ஒரு வெள்ளாடு, போக இடமில்லாதது போல, மூட்டத்தின் மேல் ஏறியது. மண் பொதுக்கென்று உள்ளே போனது. ஆடு துள்ளிக் குதித்து ஓடிவிட்டது. அந்த ஓட்டை வழியே நெருப்பு எழும்பியது.

பக்கத்து மிளகாய்த் தோட்டம் ஊர்த்தலைவர் குருநாதனுடையது. பழம் சிவந்து கிடந்தது. அவர் பயந்ததில் தப்பில்லை. மோட்டாரைப் போடச் சொன்னார். ஆட்கள் குழாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள்.

“தண்ணி வேணாம்! மண்ணப் போடுங்க, மண்ணு போதும்!” என்று முத்தழகு மண்வெட்டியோடு கத்தினாள்.

ஆம்பளைகள் கூட்டமாக ஒரு நல்ல காரியம் செய்யும்போது பொம்பளை சொல்வது காதில் விழாது. மூட்டம் முழுக்க உப்புத்தண்ணீரில் நனைந்தது. குருநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “நல்ல வேளை நான் இருந்தேன்” என்றார். அவரும் அதை நம்பினார்.

அன்று சாயங்காலமே அவள் காளீஸ்வரனுக்கு போன் போட்டாள். “அண்ணே, இந்தக் கரி வேணாம். உப்புத்தண்ணி பட்டுருச்சு. பருத்திமார் கெடக்கு, எரிச்சுத் தாரேன். கொஞ்சம் பொறுங்க.”

“பொங்க வந்துருச்சு தங்கச்சி, பொறுக்க எங்க நேரம்? காயப்போட்டா சரியாப் போகும்.”

“போகாதுண்ணே.”

“நான் பாத்துக்கிறேன்” என்றார் அவர். மறுநாள் ஆள் அனுப்பி மூடையை எடுத்துக்கொண்டும் விட்டார். அவளும் தடுக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, அவர் பார்க்காத கரியா என்று நினைத்தாள்.

பொங்கலன்று முதல் வாணம் பனை உயரம்கூடப் போகவில்லை. மஞ்சளாக அழுதுகொண்டே எழும்பி, ஒரு பக்கம் சாய்ந்து, கோயில் ஓலைப்பந்தலில் விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கும்பிட்ட காளி காப்பாற்றினாள். பந்தலில் ஒரு மூலை எரிந்தது. ஆனால் அதை ஒருத்தன் செல்போனில் எடுத்து, சிரிக்கிற பொம்மையெல்லாம் போட்டு அனுப்ப, விடிவதற்குள் கமுதி வரைக்கும் போய்விட்டது. பக்கத்து ஊர்க்காரர்கள் போன் போட்டு, “என்னப்பா, ஒங்க ஊரு வாணம் வயசுக்கு வரலயா?” என்று கேட்டார்கள். எரிந்த பந்தலை மறுபடி போட்டுவிடலாம். இந்தச் சிரிப்பை ஊரால் தாங்க முடியவில்லை. யாராவது ஒருத்தர் காலில் விழ வேண்டும் என்றாகிவிட்டது.

யார் என்று ரொம்ப யோசிக்கவும் இல்லை. பொம்பளை கொள்ளி வைத்த கரி. அதுதான் சாமிக்கு ஆகவில்லை என்று முடிவு செய்தார்கள். முத்தழகு ஊர் முன்னால் விழுந்து கும்பிட வேண்டும். இனிமேல் மூட்டத்துக்குக் கொள்ளி வைப்பதில்லை என்று வாக்குக் கொடுக்க வேண்டும்.

ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனதும் சின்னக்கருப்பன் கஞ்சிக் கும்பாவைத் தள்ளி வைத்தான். “விழுந்துட்டாத்தான் என்ன புள்ள? ஒரு நிமிசம். எந்திரிச்சு வந்துரலாம்.”

“விழுறது ஒரு நிமிசம். பெறகு ஒவ்வொரு மூட்டத்துக்கும் ஒருத்தன் வாசல்ல நிக்கணும்ல? அண்ணே வாங்க, மாமா வாங்க, ஒரு குச்சி கிழிச்சுட்டுப் போங்கன்னு. அவன் வாரதுக்குள்ள மண்ணு வெடிச்சுக் கெடக்கும்.”

“ஊர்ப் பகை நமக்கு ஆகுமா?”

“உங்க கால் ஒடிஞ்சு கெடந்தப்ப ஊரு எங்கன இருந்துச்சு?”

அவளுக்கும் உள்ளே பயம்தான். பயமில்லாதவள் என்று சொன்னால் அது கதை. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர் விலக்கிய வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? நினைக்க நினைக்க ஆத்திரமும் ஏறியது. வீட்டு மூலையில் மிச்சம் கிடந்த, அந்த உப்புத்தண்ணீர் பட்ட எருக்கங்கரியில் நாலு துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பினாள்.

கோயில் வாசலில் ஊர் உட்கார்ந்திருந்தது. ஆண்கள் முன்னால், பெண்கள் வேம்புக்கு அந்தப் பக்கம். குருநாதன் நடுவில் நாற்காலியில் இருந்தார். கெட்டவர் இல்லை. யார் வீட்டுச் சாவுக்கும் முதல் ஆளாக நிற்பவர். ஆனால் தன்னைத் தவிர ஊரில் யாருக்கும் புத்தி இல்லை என்று நிஜமாகவே நம்புகிறவர். சின்னக்கருப்பன் ஊன்றுகோலோடு வந்து ஆண்களில் கடைசி ஆளாக உட்கார்ந்திருந்தான். காளீஸ்வரன் தூணோரம் உட்கார்ந்து தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

“முத்தழகு, நாங்க யாரும் ஒனக்கு விரோதி இல்ல” என்று குருநாதன் ஆரம்பித்தார். “அன்னைக்கு ஒன் மூட்டம் பத்தி எரிஞ்சப்ப அணைச்சது யாரு?”

“நீங்கதாங்கய்யா.”

“ஆங். அதச் சொல்லு. ஒரு மொறைன்னு இருக்கு. அத மீறுன, தெய்வம் காட்டிருச்சு. விழுந்து கும்பிட்டுட்டுப் போ, முடிஞ்சுது.”

முத்தழகு முந்தானையை அவிழ்த்தாள். கரித்துண்டுகளை அவர் காலடியில், மணலில் வைத்தாள். “அய்யா, இதுல ஒண்ண எடுத்து நாக்குல வச்சுப் பாருங்க.”

கூட்டத்தில் சிரிப்பு வந்தது. குருநாதன் கரியைத் தின்பாரா? முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒருத்தரும் அசையவில்லை. வேம்புக்கு அந்தப் பக்கமிருந்து இராமலட்சுமி எழுந்து வந்தாள். களையெடுப்பிலும் கரிவெட்டிலும் முத்தழகோடு சண்டை போட்டுச் சண்டை போட்டே காலம் தள்ளியவள். ஒரு துண்டை எடுத்து நக்கினாள், உடனே துப்பினாள்.

“தூ! உப்பளத்துல அள்ளுன மாதிரில்ல இருக்கு!”

“அது என் கை உப்பு இல்லய்யா. உங்க போர்த்தண்ணி உப்பு” என்றாள் முத்தழகு. “மண்ணப் போடுங்கன்னு கத்துனேன். யாரும் கேக்கல. இந்தக் கரி வேணாம்னு வாணக்கார அண்ணன்ட்டயும் சொன்னேன். இங்கனதான் இருக்காக, கேளுங்க.”

எல்லோரும் காளீஸ்வரனைப் பார்த்தார்கள். அடுத்த வருஷ வாணம் கைவிட்டுப் போவது அவர் கண்ணில் தெரிந்திருக்க வேண்டும். வாயைத் திறந்தார், இருமினார், மறுபடி தரையைப் பார்த்தார். முத்தழகுக்கு அந்த ஒரு கணம்தான் கண் கலங்கியது. அண்ணே என்று கூப்பிட்ட வாயை நொந்துகொண்டாள்.

குருநாதனுக்கும் விஷயம் புரிந்துவிட்டது, அது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தவருக்குப் புரிவது வேறு, ஒத்துக்கொள்வது வேறு. தொண்டையைச் செருமினார். “சரி, உப்போ புளியோ, அந்தப் பேச்சு போகட்டும். ஊருன்னு ஒண்ணு கூடிருச்சு. சும்மா கலைய முடியாது. எங்க கால்ல விழ வேணாம், சாமிக்கு முன்னால விழு.”

“சாமி முன்னால நான் எந்நேரமும் விழுவேன்யா. அதுக்கு ஊரு கூட வேணாம். ஆனா இன்னைக்கு சாமிய மறைச்சுக்கிட்டு நீங்கள்ல உக்காந்திருக்கீக? இன்னைக்கு விழுந்தா அது உங்களுக்குத்தான் விழுந்ததாகும்.”

குருநாதன் அவளை விட்டுவிட்டுச் சின்னக்கருப்பன் பக்கம் திரும்பினார். நயமாகத்தான் கேட்டார். “ஏலே சின்னக்கருப்பா, பொம்பள கோவத்துல பேசுறா. நீ வீட்டுக்கு மூத்தவன், நீ சொல்லு. இனிமே நான் கொள்ளி வைக்கிறேன்னு ஒரு வார்த்த சொல்லு. அவ விழ வேணாம். இத்தோட விட்டுருவோம்.”

எவ்வளவு சுலபமான வழி! ஊருக்கும் மானம் போகாது, அவளும் விழ வேண்டாம். சின்னக்கருப்பன் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தான். பெண்டாட்டியைப் பார்த்தான், ஊரைப் பார்த்தான். இல்லை என்று சொல்லத் தெரியாத அந்த வாய் வழக்கம்போல் திறந்தது.

“சரிங்கய்யா. நானே வைக்கிறேன்.”

அப்பாடா என்று ஊர் மூச்சு விட்டது. இரண்டு பேர் துண்டை உதறி எழுந்தும் விட்டார்கள்.

“வைக்கட்டும்” என்றாள் முத்தழகு. சத்தமாகச் சொல்லவில்லை. எழுந்தவர்கள் நின்றார்கள். “அவுக வைக்கட்டும். வேணாங்கல. எனக்கு ஆம்பளப்பிள்ள இல்ல. நான் செத்தா எனக்கு அவுகதான் கொள்ளி வைக்கணும். வைக்கட்டும். அதுவரைக்கும் என் மூட்டத்துக்கு என் கைதான்.”

அவள் திரும்பி நடந்தாள். பின்னால் என்னென்னவோ பேசினார்கள். திமிரு என்றார்கள், ஊரை விட்டு விலக்குங்கள் என்றார்கள், இராமலட்சுமி ஏதோ பதிலுக்குக் கத்துவதும் கேட்டது. முத்தழகு வீட்டுக்குப் போகவில்லை. ஊருக்குத் தெற்கே அவள் அடுக்கி மண் பூசி வைத்திருந்த பெரிய மூட்டம் இருந்தது. மூட்டத்தை ஒட்டியிருந்த தன் கொட்டகை அடுப்பில் சுள்ளியைப் போட்டுப் பற்றவைத்தாள். கங்கு விழும்வரை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு சட்டியில் கங்கை அள்ளினாள்.

கடல்காற்று தெற்கேயிருந்து வீசிக்கொண்டிருந்தது. இந்தக் காற்றில் கொள்ளி வைத்தால் புகை நேராக ஊருக்குள்தான் போகும். மற்ற நாளென்றால் வீடுகளில் பிள்ளைகள் இருமுமே என்று காற்று திரும்பும்வரை காத்திருப்பாள். இன்று காத்திருக்கவில்லை. ஏணியில் ஏறி உச்சி ஓட்டையில் கங்கைக் கொட்டினாள். பட்டப்பகலில், ஊர் மொத்தமும் பார்க்க, வெள்ளைப் புகை மொத்தமாகக் கிளம்பிக் கோயில் வாசலுக்குப் போனது.

கொஞ்ச நேரத்தில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. சின்னக்கருப்பன் வந்து நின்றான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கோலை மூட்டத்தின் மேல் சாய்த்துவிட்டு, நொண்டிக்கொண்டே போய் மண்வெட்டியை எடுத்தான். புகை கசிகிற இடத்தில் மண்ணை அள்ளிப் போட்டான்.

“இன்னும் கொஞ்சம் கனமாப் போடுங்க” என்றாள் அவள்.

அவன் போட்டான். அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. அது புகையாகவும் இருக்கலாம், கேட்க அவளுக்கு மனசில்லை. அப்போது வரப்பு வழியே குருநாதன் வீட்டு வேலைக்காரப் பையன் பிரபு மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு வந்தான். கிட்டே வராமல் எட்டவே நின்றான்.

“அக்கா, கோயில்ல உக்கார முடியல. எல்லாரும் எந்திரிச்சுப் போறாக. அய்யா கேட்டுட்டு வரச் சொன்னாக, புகை எப்ப நிக்குமாம்?”

முத்தழகு முகத்தில் படிந்த கரியை முந்தானையால் துடைத்தாள்.

“வெந்தா நிக்கும்னு போய்ச் சொல்லு” என்றாள்.